ஜாஸ்மின் போகாத ஞாயிறு

போன் அடிப்பது ஒரு காலத்தில் ஜாஸ்மினுக்குப் பெருமையாக இருந்தது.

ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டித் தரும் தொழிற்சாலை ஒன்றில் பிளஸ் டூ முடித்த கையோடு சேர்ந்தவள் அவள். நீளமான பலகைக்கு முன்னால் நின்று, ஒயர்களை வரிசையாகப் படுக்க வைத்து, டேப் சுற்றி, முனையில் கிளிப் மாட்டி, அடுத்தவளிடம் தள்ளுகிற வேலை. கல்யாணம் ஆனது, மகள் பிறந்தாள், வேலையை விடவில்லை. போன வருடம் அவளை அந்த லைனுக்கே இன்சார்ஜ் ஆக்கினார்கள். அவள் ஊரான பென்னலூரிலிருந்து எத்தனையோ பெண்கள் தினமும் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். ஒரு முழு லைனைக் கையில் கொடுத்தது ஜாஸ்மினிடம்தான். அன்றைக்கே கம்பெனி அவளுக்கு ஒரு போனும் கொடுத்தது. லைனில் நிற்கும் பெண்கள் போனை உள்ளே கொண்டு போகக்கூடாது, கேட்டிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும். ஜாஸ்மின் மட்டும் போனை இடுப்பில் செருகிக்கொண்டு செக்யூரிட்டியைத் தாண்டி நடந்து போனாள்.

வீட்டில் போன் அடித்தால் அவள் எடுப்பதற்கு முன் கணவன் ஜோயல் ஓடிப்போய் எடுத்து, "மேடம், கம்பெனிலேர்ந்து கூப்புடறாங்கோ" என்று குனிந்து நீட்டுவான். அதில் கிண்டல் பாதி, பெருமை பாதி. அவளுடைய பழைய போன் மகள் ஷெர்லினுக்குப் போனது. ஆறாம் வகுப்புப் படிக்கும் ஷெர்லின், "எங்கம்மா போன்ல சொன்னாத்தான் லைனே ஓடும்" என்று பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருந்தாள்.

கொஞ்ச நாளில் அது நிஜமாகவே ஆகிவிட்டது. டேப் தீர்ந்தால் போன். ஒரு பெண்ணுக்குத் தலைவலி என்றால் போன். கையுறை எந்த அலமாரியில் என்று போன். ஜாஸ்மின் குளிக்கப் போனால் போனை பாத்ரூம் ஜன்னலில் வைத்துவிட்டுக் குளித்தாள். சாப்பிடும்போது தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். யாராவது எதிரில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் கண் போனுக்குப் போய்விட்டு வரும். அது அவளுக்கே தெரியாது. ஜோயலுக்குத் தெரியும்.

ஆர்டர் அதிகமாக இருந்ததால் அந்த ஆகஸ்ட் மாதம் ஞாயிற்றுக்கிழமைகளிலும் லைன் ஓடியது. ஞாயிறு ஓவர்டைமைப் பார்த்துக்கொண்டவள் வேல்விழி. அம்பாசமுத்திரம் பக்கத்துப் பெண், ஜாஸ்மின் வயதுதான். ஒரகடத்தில் வேறு சில பெண்களோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்தாள். லைனில் ஜாஸ்மினுக்கு அடுத்த இடம் அவளுக்கு. வேலை சுத்தம், பேச்சு வேகம். ஆனால் எதையும் தானாக முடிவு செய்ய மாட்டாள். "ஏட்டி, ஒன்ட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுதேன்" என்று போன் போட்டுவிடுவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச்சில் திருவிருந்து. அப்பமும் திராட்சரசமும் வாங்க ஜாஸ்மின் வரிசையில் நின்றிருந்தாள். அவளுக்கு முன்னால் ஓரிருவர்தான் இருந்தார்கள். கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. விட்டுவிடலாம் என்று நினைப்பதற்குள்ளேயே கால் வரிசையை விட்டு விலகி, வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்விட்டது.

"ஏட்டி, கறுப்பு டேப்பு முடிஞ்சிட்டு. ஸ்டோர்ல இருந்து புதுசு எடுக்கட்டா?"

"எடு."

"எடுத்துருதேன். அப்பம் இன்னொண்ணு..."

அந்த இன்னொன்றும் அதற்கடுத்ததும் முடிந்து அவள் உள்ளே வந்தபோது ஆயர் ஆசீர்வாதம் சொல்லிக்கொண்டிருந்தார். ஜோயலும் ஷெர்லினும் ஒரு முறை திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பேருமே ஒன்றும் கேட்கவில்லை. முன்பெல்லாம் கேட்பார்கள். கேட்காததுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

மத்தியானம் கோழிக்குழம்பும் சோறும் சாப்பிட்டு முடித்ததும் ஷெர்லின் அவள் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ம்மா, வியாழக்கெழமை கோ-கோ மேட்ச்ச பத்தி சொன்னேன்ல, அதுல கடைசில இன்னா ஆச்சு தெரியுமா? நா மட்டுந்தான் பாக்கி. அப்ப..."

போன் அடித்தது. புரொடக்‌ஷன் மேனேஜர் வனமாமலை. சாயங்காலம் லோடு ஏற்ற லாரி வரும் நேரத்தைச் சொல்லத்தான் கூப்பிட்டிருந்தார். பேசி முடித்து ஜாஸ்மின் திரும்பியபோது ஷெர்லின் மூலையில் சாய்ந்து தன் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லு ஷெரு, இன்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்லம்மா, வுடு. அப்பாகிட்ட சொல்லிட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னாள், கண்ணை போனிலிருந்து எடுக்காமல்.

ஜாஸ்மின் கொஞ்ச நேரம் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாசல் பக்கம் போனாள். ஜோயல் தன் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் ஏசி மெக்கானிக்.

"ஏங்க, இன்னிக்கு சாயங்காலம் போனை அணைச்சு வெச்சிடலாமா?"

"யாரு போனை?"

"எல்லாரோடதையுந்தான். வை-ஃபையும்."

ஜோயல் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சிரித்தான். "ஞாயித்துக்கெழமைலதான் ஜாஸு ஏசிக்காரனைத் தேடுவாங்கோ. சரி, நானாச்சும் சமாளிச்சுப்பேன். நீ அரை மணி நேரம் தாங்க மாட்ட."

தாங்க மாட்ட என்ற அந்த வார்த்தை அவளுக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது. அங்கேயே நின்று வனமாமலையைக் கூப்பிட்டாள். அவர் நல்ல மனிதர், ஆனால் பதற்றக்காரர்.

"சார், இப்பலேர்ந்து என் போன் ஆஃப்ல இருக்கும். நாளைக்குக் காலையிலதான் ஆன் பண்ணுவேன். லைனை வேல்விழி பாத்துப்பா."

"ஏம்மா, ஊருக்கு எங்கேயாவது போறீங்களா?"

"இல்ல சார். வீட்லதான் இருக்கேன்."

"வீட்லதான் இருக்கீங்கன்னா எதுக்கும்மா ஆஃப் பண்ணணும்?"

"வீட்ல இருக்கறதுக்குத்தான் சார்."

அவர் "பார்த்துக்கலாம்மா" என்று வைத்துவிட்டார். அதற்குச் சரி என்று அர்த்தமா, இல்லை என்று அர்த்தமா என்று அவள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அடுத்தது வேல்விழி.

"ஏட்டி, ஒனக்கு என்ன கிறுக்கா? ஏதாவது ஒண்ணுன்னா நான் யார்ட்ட கேக்க?"

"காலைல டேப்பு எடுக்கட்டான்னு கேட்டல்ல, எடுக்கணும்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்பறம் ஏன் கேட்ட?"

வேல்விழி யோசித்தாள். "நீ சொன்னா ஒரு தைரியம்."

"இன்னிக்கு ஒரு நாள் தைரியத்தை நீயே வெச்சுக்கோ," என்று சொல்லிவிட்டு, மனசு மாறுவதற்குள் ஜாஸ்மின் போனை அணைத்தாள். ஜோயல் தன்னுடையதை அணைத்து நீட்டினான். ஷெர்லினுடையதைக் கொஞ்சம் கெஞ்சித்தான் வாங்க வேண்டியிருந்தது. மூன்றையும் பீரோவில் புடவைகளுக்கு நடுவே வைத்துப் பூட்டினாள். ஜோயல் வை-ஃபை பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினான்.

"அப்ப நா இன்னா பண்றது?" என்றாள் ஷெர்லின்.

"எனக்கும் அதாம்மா தெரியல," என்றான் ஜோயல்.

முதலில் கஷ்டமாகத்தான் இருந்தது. ஜாஸ்மினின் கை தானாக இடுப்புக்குப் போய்ப் போய்த் திரும்பியது. காலையில் பெருக்கிய வீட்டை மறுபடியும் பெருக்கினாள். ஜோயல் படுத்துப் பார்த்தான், எழுந்து உட்கார்ந்தான், காலண்டரில் இருந்த எல்லா விசேஷ நாட்களையும் படித்தான். வீடு முழுக்கச் சத்தங்கள் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தரம் முனகியது. பக்கத்து வீட்டு முனியம்மாளின் குக்கர் விசிலடித்தது. தூரத்தில் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் கியர் மாற்றிக்கொண்டே போயின. மேற்கே மேகம் கட்டியிருந்தது. காற்று வந்தது, மழை வரவில்லை.

ஜோயல் சந்தையில் வாங்கி வந்த சோளக்கதிர்கள் சமையலறையில் கிடந்தன. அவன் உரித்துக் கொடுக்க, ஜாஸ்மின் அடுப்புத் தீயில் நேராகக் காட்டித் திருப்பித் திருப்பிச் சுட்டாள். எலுமிச்சையும் மிளகாய்த்தூளும் உப்பும் தடவி, மூன்று பேரும் வாசற்படியில் உட்கார்ந்து கடித்தார்கள். வல்லக்கோட்டை முருகன் கோவிலுக்குப் போய்த் திரும்பும் வேன் ஒன்று தெருமுனையில் நின்று யாரிடமோ வழி கேட்டுப் போனது.

"ஷெரு, அந்த மேட்ச்சு கதையைச் சொல்லு," என்றாள் ஜாஸ்மின்.

"நீ நடுவுல எழுந்து பூடுவ."

"எங்க போவேன்? போன்தான் பூட்டிக் கெடக்குதே."

ஷெர்லின் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். நம்பலாம் என்று தோன்றியிருக்க வேண்டும். சோளத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்தாள். "வாயால சொன்னா புரியாது. வெளிய வாங்க ரெண்டு பேரும்."

வீட்டுக்கு எதிரே இன்னும் யாரும் வீடு கட்டாத காலி மனை. அளவுக்கல் நட்டுவிட்டுப் போனவர்கள் திரும்பி வராததால் அது தெருப் பிள்ளைகளின் மைதானமாகியிருந்தது. ஷெர்லின் வீட்டிலிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கி வந்து வரிசையாகப் போட்டாள்.

"இதெல்லாம் ஒக்காந்துருக்கற பிளேயருங்கோ. அந்தக் கல்லு ஒரு போஸ்ட்டு, இந்தக் கல்லு ஒரு போஸ்ட்டு. அப்பா, நீ நடுவுல குந்து. அம்மா, நீதான் என்னைத் தொரத்தணும். அப்பா முதுவுல தட்டி 'கோ'ன்னா, அப்பறம் அப்பா தொரத்துவாரு."

ஜோயல் முட்டி மடக்கிக் குந்தினான். பக்கத்து வீட்டு முனியம்மாள் சத்தம் கேட்டு வெளியே வந்து, "இன்னா ஜோயலு, வேண்டுதலா?" என்று கேட்டுவிட்டுத் தன் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

ஷெர்லின் மூச்சு வாங்காமல் சொன்னாள். ஸ்ரீபெரும்புதூரில் நடந்த மேட்ச். எதிர் டீம் பெரிய ஸ்கூல், எல்லோருக்கும் புது ஷூ. கடைசியாக ஓட இறங்கிய மூன்று பேரில் இவளும் ஒருத்தி. மற்ற இரண்டு பேரும் இறங்கிய வேகத்தில் அவுட். விசில் அடிக்கும் வரை இவள் ஒருத்தி பிடிபடாமல் நின்றால் ஜெயிப்பார்கள்.

"அந்த டீம்ல ஒரு பொண்ணு, நீல ரிப்பன் கட்டிகினு. அவ கை எவ்ளோ நீளம் தெரியுமா? நின்ன எடத்துலேர்ந்தே தொட்டுடுவா. எங்க டீச்சரே கண்ணை மூடிகினாங்க. நா இன்னா பண்ணேன்னா... தொரத்தும்மா, சும்மா நின்னா எப்டி?"

ஜாஸ்மின் சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடினாள். மகள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தாள். எட்டிப் பிடிக்கப் போனபோது அங்கே இல்லை. வலது பக்கம் சாய்வது போல் தோளைக் காட்டிவிட்டு இடது பக்கம் நாற்காலிக்கு நடுவே நழுவிப் போனாள். ஜாஸ்மின் ஜோயலின் முதுகில் தட்டி "கோ" என்று கத்தினாள். ஜோயல் எழுவதற்குள் ஷெர்லின் அந்தப் பக்கக் கல்லைச் சுற்றி வந்துவிட்டாள். குனிந்தாள், சடாரென்று நின்றாள், பின்னால் வந்தவனைத் தாண்டிப் போகவிட்டுத் திரும்பி ஓடினாள். ஜோயல் ஒரு நாற்காலியோடு சேர்ந்து விழுந்தான். முனியம்மாள் கைதட்டிச் சிரித்தாள்.

ஜாஸ்மின் முட்டியில் கையூன்றி மூச்சு வாங்கினாள். தான் பெற்ற பிள்ளையைப் புதிதாகப் பார்ப்பது போல் பார்த்தாள். அந்த மெலிந்த கால்களில் அவ்வளவு வேகம், அந்தக் கண்ணில் அவ்வளவு நிதானம்.

"இதெல்லாம் எங்கங்க கத்துகினா?"

"டெய்லி காலைல நீ பஸ் ஏறுனதும் இங்க வந்து ஓடுவா," என்றான் ஜோயல், முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டியபடி. "நீ வந்ததும் சொல்லணும்னுதான் இருப்பா."

"அப்பறம் விசில் அடிச்சிட்டாங்கம்மா!" ஷெர்லின் இன்னும் நிற்காமல் குதித்துக்கொண்டிருந்தாள். "யாருமே என்னைத் தொடல. டீச்சர் ஓடியாந்து என்னைத் தூக்கிட்டாங்க. எங்க ஸ்கூல்லேர்ந்து டிஸ்ட்ரிக்ட் டீமுக்கு மூணு பேரை எடுத்துகிறாங்க. அதுல நானும்!"

ஜாஸ்மின் மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். வியர்வையும் சோளத்தின் புகை வாசனையும் கலந்து அடித்தது. அவளுக்கு ஏதோ சொல்ல வேண்டும் போலிருந்தது. "யாராலயும் தொட முடியலயா?" என்று மட்டும் மறுபடி கேட்டாள். "முடியல!" என்றாள் ஷெர்லின். இன்னொரு தரம் கேட்டாள். இன்னொரு தரம் பதில் வந்தது.

அப்போதுதான் கம்பெனி வேன் தெருவுக்குள் நுழைந்தது.

ஓட்டி வந்தவன் மாரிசெல்வம். தூத்துக்குடிப் பக்கத்துப் பையன், ஷிப்ட் முடிந்த பெண்களை வீட்டில் கொண்டுபோய் விடுபவன். இறங்கி வரும்போதே முகத்தில் அவசரம்.

"அக்கா, ஒங்க போனுக்கு அடிச்சு அடிச்சு சார் ஓய்ஞ்சு போயிட்டாவ. ஒங்கள கையோட கூட்டிட்டு வரச் சொன்னாவ."

ஜாஸ்மின் வேன் பக்கம் ஓடினாள். "இன்னா ஆச்சு? யாருக்காவது அடியா?"

"அடியெல்லாம் இல்லக்கா. லைன் நின்னு போச்சு. வேல்விழியக்கா செவப்புக் கயித்தப் புடிச்சு இழுத்துட்டாவ."

லைனுக்கு மேலே ஒரு முனையிலிருந்து இன்னொரு முனை வரை ஒரு சிவப்புக் கயிறு தொங்கும். தவறு கண்ணில் பட்டால் யார் வேண்டுமானாலும் அதை இழுத்து லைனை நிறுத்தலாம் என்பது விதி. ஆனால் யாரும் அதைத் தொட மாட்டார்கள். நிறுத்தினால் நின்ற ஒவ்வொரு நிமிடத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். வேல்விழி ஜாஸ்மினைக் கேட்காமல் அதைத் தொட்டதே கிடையாது.

"எதுக்கு நிறுத்துனா?"

"அதான்க்கா சாருக்கும் புரியல. டெஸ்ட் போர்டுல பச்ச லைட்டுதான் எரியுதாம். ஆனா கிளிப்பு மாட்டும்போது 'டக்'குன்னு சத்தம் வரல, சரியா ஒக்காரலன்னு ஒரு பிள்ள சொல்லிருக்கு. வேல்விழியக்கா நாலஞ்ச இழுத்துப் பாத்துட்டு ஒடனே நிப்பாட்டிட்டாவ. வெளிய லோடு ஏத்த லாரி நிக்கி. சாருக்கு வேர்த்து ஊத்துது."

"இப்ப வேல்விழி எங்க?"

"தரையில ஒக்காந்துருக்காவ. பிள்ளைகளையெல்லாம் சுத்தி ஒக்கார வச்சு, இன்னைக்கு வந்த புதுக் கிளிப்பு ஒரு பக்கம், பழசு ஒரு பக்கம்னு பிரிச்சிட்டு இருக்காவ. கட்டி முடிச்சதையும் ஒவ்வொண்ணா இழுத்துப் பாக்காவ. அங்க போயி நானே கேட்டேன்க்கா, ஜாஸ்மினக்காவ கூட்டியாரவான்னு."

"இன்னா சொன்னா?"

"தலையத் தூக்கிக்கூடப் பாக்கல. 'அவ வீட்ல இருக்கட்டும்டே'ன்னாவ."

ஜாஸ்மின் அந்த இடத்திலேயே நின்றாள். அவளுடைய கண் முன்னால் அந்தக் காட்சி அப்படியே விரிந்தது. நின்றுபோன லைன், மேலே எரியும் சிவப்பு விளக்கு, கீழே கையில் கிளிப்போடு வேல்விழி. பச்சை விளக்கு எரியும்போது, லாரி வாசலில் நிற்கும்போது, மேனேஜர் பக்கத்தில் நின்று கையைப் பிசையும்போது, அந்தக் கயிற்றை இழுப்பது என்றால் என்ன என்று ஜாஸ்மினுக்குத் தெரியும். அவளே அங்கே இருந்திருந்தால் இழுத்திருப்பாளா? இழுத்திருப்பாள். ஆனால் ஒரு கணம் தயங்கியிருப்பாள்.

பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினாள். ஷெர்லின் நாற்காலிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் கோபமில்லை, வருத்தமும் பெரிதாக இல்லை. ஆட்டம் முடிந்துவிட்டது என்று தெரிந்தவளின் முகம். ஜோயல், "போறதுன்னா போய்ட்டு வா ஜாஸு. நா ஒண்ணும் நெனைக்க மாட்டேன்," என்றான் மெதுவாக.

"மாரி," என்றாள் ஜாஸ்மின். "நீ போய் சார்கிட்ட சொல்லு. நான் வந்தா இன்னா செய்வேனோ அதத்தான் வேல்விழி செஞ்சுகிட்டு இருக்கா. அதனால நான் வரலைன்னு சொல்லு."

மாரிசெல்வம் விழித்தான். "அப்படியேவாக்கா சொல்ல?"

"அப்படியே சொல்லு. இரு, சோளம் ஒண்ணு எடுத்துகினு போ."

வேன் திரும்பிப் போனது. ஜாஸ்மின் துப்பட்டாவை மறுபடி இறுக்கிக் கட்டினாள்.

"சேரை எங்கடி தூக்கினு போற? கீழ வை. ஒரு வாட்டியாவது ஒன்னைத் தொடாம இன்னிக்கு நான் வூட்டுக்குள்ள வர மாட்டேன்."

ஷெர்லின் ஒரு கணம் புரியாமல் நின்றாள். பிறகு அடுக்கிய நாற்காலிகளை அப்படியே தள்ளிவிட்டுக் கத்திக்கொண்டே ஓடினாள்.

இருட்டும் வரை விளையாடினார்கள். ஜாஸ்மினால் அவளைத் தொடவே முடியவில்லை. கடைசியில் ஷெர்லினே பரிதாபப்பட்டு நின்று கொடுத்தாள்.

உள்ளே வந்து முகம் கழுவி, மத்தியானக் குழம்பைச் சூடு பண்ணி, ஜாஸ்மின் தோசை வார்த்தாள். அப்போது பயம் வராமல் இல்லை. வேல்விழி கணித்தது தப்பாக இருந்தால்? கிளிப்பில் ஒன்றுமே இல்லையென்றால்? லாரி காத்திருந்த பழி அவள் தலையில்தான் விழும், தன் தலையிலும் விழும். பீரோ இரண்டு எட்டில் இருந்தது. ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும்.

"இன்னா, சாவி வேணுமா?" என்றான் ஜோயல், தட்டோடு வந்து நின்றபடி.

"வேணாம்." தோசையைத் திருப்பினாள். "இப்ப நான் பேசினா, 'நல்லாப் பண்ணுன'ன்னுதான் சொல்லுவேன். ஆனா அவ காதுல அது, 'சரியாப் பண்ணிட்டியா?'ன்னு விழும். வேணாம்."

அவன் அவள் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டு, "நீ போய் குந்து. மீதி நா ஊத்தறேன்," என்றான். ஹாலில் தரையில் உட்கார்ந்து மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். ஷெர்லின் நீல ரிப்பன் பெண்ணின் கதையை முதலிலிருந்து இன்னொரு முறை சொன்னாள். இந்த முறை அந்தப் பெண்ணின் கை இன்னும் நீளமாகியிருந்தது. ஜோயல் தான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில் யாரோ ஒருவர் வீட்டு ஏசியைத் தலைகீழாக மாட்டிவிட்டு வந்த கதையைச் சொன்னான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் ஜாஸ்மின் கேட்காத கதை அது. சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறியது. வெளியே ஒருவழியாக மழை பிடித்தது. மின்விசிறியின் முனகல் மழைச் சத்தத்தில் அடங்கிப்போக, ஷெர்லின் பேசிக்கொண்டே அம்மாவின் மடியில் தூங்கிப்போனாள். அவளை எடுத்துப் படுக்க வைக்க ஜாஸ்மினுக்கு மனசு வரவில்லை. கால் மரத்துப் போகும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் ஏறிய பிறகுதான் போனை உயிர்ப்பித்தாள். வனமாமலையின் அழைப்புகள் வரிசையாக வந்து விழுந்தன. வேல்விழியிடமிருந்து ஒன்றுகூட இல்லை.

கேட்டைத் தாண்டியதும் வனமாமலை எதிரே வந்தார். ராத்திரி சரியாகத் தூங்காத முகம்.

"நேத்து உங்க மேல எனக்கு ரொம்பக் கோபம்மா."

"தெரியும் சார்."

"கிளிப்பை குவாலிட்டிலேர்ந்து வந்து அளந்து பார்த்தாங்க. புதுசா வந்ததுல பூட்டிக்கிற நாக்கு கொஞ்சம் குட்டை. கரண்ட் போகும், அதனால போர்டு பச்சை காட்டுது. ஓடற வண்டில ஆட்டத்துக்குக் கழண்டு வந்துடும்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "லாரி லேட்டாத்தான் போச்சு. கஸ்டமர்கிட்ட நான் திட்டு வாங்கினேன். ஆனா அந்தக் கிளிப் ஒண்ணுகூட வெளியே போகலை. அந்தப் பொண்ணு விடலை. நானே விட்டுடலாம்னுதான் சொன்னேன்மா. என் முகத்தை நேராப் பார்த்து 'முடியாது சார்'னுட்டா."

லைன் ஓடுவதற்கு முன் தினமும் எல்லோரும் கூடி நிற்பார்கள். ஜாஸ்மின் முன்னால் நின்று அன்றைய வேலையைச் சொல்வாள். அன்று வனமாமலை வேல்விழியைக் கூப்பிட்டு, நேற்று நடந்ததை எல்லோருக்கும் சொல்லச் சொன்னார். வேல்விழி போக மாட்டேன் என்று தலையாட்டினாள். ஜாஸ்மின் அவள் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளிவிட்டுப் பின்வரிசைக்குப் போய்ப் பெண்களோடு பெண்ணாக நின்றுகொண்டாள்.

"வேற ஒண்ணுமில்ல," என்று ஆரம்பித்தாள் வேல்விழி. குரல் நடுங்கியது. "காயத்திரி வந்து சத்தம் வரலக்கான்னு சொல்லுச்சு. நான் இழுத்துப் பாத்தேன். கையோட வந்துட்டு. அதாம் நிப்பாட்டுனேன். பயமாத்தான் இருந்துச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். குரல் தெளிந்தது. "இனிமேலும் அப்படித்தான். ஒங்கள்ல யாருக்குத் தோணுனாலும் இழுங்க. என்ட்ட வந்து கேக்காண்டாம்."

பெண்கள் கைதட்டினார்கள். எல்லோரும் நிறுத்திய பிறகும் ஜாஸ்மின் தட்டிக்கொண்டிருந்தாள். உள்ளங்கை இரண்டும் சூடாகிவிட்டன. தன்னை இன்சார்ஜ் ஆக்கிய நாளில்கூட அவளுக்கு நெஞ்சு இப்படி நிறைந்ததில்லை. அந்த வாரமே ஞாயிறு லைனுக்கு வேல்விழி பெயரையே இன்சார்ஜ் என்று போட்டார்கள்.

மத்தியானம் கேன்டீனில் வேல்விழி தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"நேத்து ஒன்ன என்னமா ஏசுனேன் தெரியுமா? கயித்த இழுக்க வரைக்கும் ஏசிட்டேதான் நின்னேன்."

"இழுத்தப்பறம்?"

"அப்புறம் எங்க ஒன்ன நெனைக்க? வேல தலைக்கு மேல கெடந்துச்சு." ஒரு வாய் சோற்றை எடுத்தவள் கையை நிறுத்தினாள். "சரி, நீ வீட்ல இருந்து என்னதாம்ட்டி செஞ்ச?"

"எங்க ஷெரு டிஸ்ட்ரிக்டுக்கு ஆடப் போறா," என்றாள் ஜாஸ்மின். அங்கிருந்து ஆரம்பித்து, நீல ரிப்பன் பெண், பிளாஸ்டிக் நாற்காலிகள், ஜோயல் விழுந்தது எல்லாவற்றையும் சொன்னாள். சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்தது. கை கழுவப் போகும் வழியில் வேல்விழி அவள் தோளைத் தொட்டாள்.

"அடுத்த மாசம் எங்க ஊர்ல கோயில் கொட. நானும் போன அணச்சுத்தான் வைப்பேன், இப்பமே சொல்லிட்டேன். லைன்ல என்ன நடந்தாலும் என்னக் கூப்புடப்படாது."

"நீயா போனை எடுத்துக் கூப்ட்டாத்தான் இருக்கு ஒனக்கு," என்றாள் ஜாஸ்மின்.